அம்மா வாக்குக் காப்பாற்றிய நாள்

என் அம்மா வாக்குக் கொடுத்தால் அதை மீறுவாள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. என் தம்பி விஷயத்தில் அவளுக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

தம்பிக்குச் சின்ன வயதிலேயே சுகர் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வருமே, பத்தியம் இருந்தால் அடங்குமே, அந்த வகை இல்லை. ஒவ்வொரு வேளையும் சாப்பிடுவதற்கு முன் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டால் உடனே சாப்பிட வேண்டும். சாப்பாடு தள்ளிப்போனால் உடம்பில் இருக்கிற சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அந்த நேரத்தில் வாயில் இனிப்பு போயாக வேண்டும். போகவில்லை என்றால் முதலில் வியர்வை, பிறகு உளறல், பிறகு மயக்கம், வலிப்பு. அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

ஊருக்கெல்லாம் சுகர் என்றால் இனிப்பு விஷம். எங்களுக்கு அதுதான் உயிர். அதனால் எங்கள் வீட்டில் மிட்டாய் இல்லாத பாக்கெட் கிடையாது. தலையணை உறைக்குள் இருக்கும், குடைக்குள் இருக்கும், செருப்பு அலமாரியில் இருக்கும். எறும்புகளுக்கு எங்கள் வீடு மாமியார் வீடு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஆபீசில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கப்போய், ஒரு படையே கைமேல் ஏறி, மேனேஜர் முன்னால் குதித்திருக்கிறார். அம்மாதான் போட்டிருந்தாள். கேட்டதற்கு, மாப்பிள்ளையும் வீட்டில் ஒருத்தர்தானே என்றாள்.

நான் ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். துணி வந்ததும் முதல் வேலை பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பது. அடுத்தவர் பாக்கெட்டில் கைவிட்டுச் சம்பளம் வாங்குகிறவள் என்று தம்பி கிண்டல் செய்வான். துணியைத் தொட்டாலே உள்ளே சில்லறையா, சாவியா, மடித்த காகிதமா என்று விரல் சொல்லிவிடும். என் வீட்டுத் துணியைத் தொட்டால் மட்டும் பார்க்கவே வேண்டாம், மிட்டாய்தான்.

இப்போது அவன் படித்து முடித்து வேலைக்குப் போகிறான். வெளியூரில். தனியாக. இன்னும் சில நாளில் கிளம்ப வேண்டும். அதற்குமுன் எல்லோருமாக ஒரு மலைக்கு டூர் போய்வரலாம் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். அவன் வருவதற்கு ஒரு நிபந்தனை போட்டான். டூர் முழுக்க யாரும் அவனுக்காக இனிப்பைச் சுமக்கக் கூடாது. அவனே அவனைப் பார்த்துக்கொள்வான். முக்கியமாக அம்மா எதையும் எடுத்துவரக் கூடாது.

"இந்த ஒரு தடவையாவது என்னை நோயாளியா பாக்காதீங்க. நீங்க இல்லாம இருக்க நான் பழக வேண்டாமா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. நானும் சரி என்றேன், என் வீட்டுக்காரரும் சரி என்றார். அம்மா அவன் தலையில் கைவைத்து ஒரு துண்டு மிட்டாய்கூட எடுக்க மாட்டேன் என்றாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அம்மாவாவது, எடுக்காமல் இருப்பதாவது. எப்படியும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக் கொண்டுவருவாள் என்று தெரியும். அந்த தைரியத்தில்தான் நான் என் கைப்பையை நிஜமாகவே காலி செய்தேன். என் வீட்டுக்காரரும் அதே தைரியத்தில்தான் காலி செய்திருக்கிறார்.

மலையடிவாரத்தில் ரோப் காருக்கு நீண்ட வரிசை. படியேறி, வெயிலில் நின்று, ஒருவழியாக வாசல் பக்கம் வந்தோம். மேலே ஹோட்டலில் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஏறினால் இதோ மேலே போய்விடலாம் என்று தம்பி எங்கள் மறைவில் நின்று சட்டையைத் தூக்கி ஊசியைப் போட்டுக்கொண்டான். எப்போதும் அப்படித்தான் செய்வான், நேரம் கணக்காக இருக்கும்.

வாசலில் இருந்த செக்யூரிட்டி, கைப்பை பரவாயில்லை, தம்பியின் முதுகுப் பையைக் கொண்டுபோகக் கூடாது என்றான். லாக்கரில் வைக்க வேண்டுமாம். சரி, சட்டம் என்றால் சட்டம். ஆனால் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு ஆள் பெரிய அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். சுற்றிலும் டேப் ஒட்டி, கயிறு கட்டின பெட்டி. அதை மட்டும் செக்யூரிட்டி எதுவும் கேட்காமல் விட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் பையில் என்ன வெடிகுண்டா இருக்கிறது, அவர் பெட்டியில் என்ன மகாராஜா இருக்கிறாரா என்று ஆரம்பித்தேன். மேலே ஒரு விசேஷத்துக்கு எடுத்துப்போகிறார், அனுமதி வாங்கியிருக்கிறார் என்றான். பெட்டிக்காரர் என்னைப் பார்க்கவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கல்லுளிமங்கன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

தம்பிக்கு என் வாய் என்றால் எப்போதும் வெட்கம். நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் அவசரமாகப் பையை லாக்கரில் திணித்துப் பூட்டிவிட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு கூண்டுக்குள் ஏறினான். குளுக்கோஸ் மாத்திரை பையின் பக்கவாட்டு அறையில் இருந்தது. நாங்கள் நாலு பேர், எதிர் சீட்டில் மடியில் பெட்டியோடு அந்த ஆள். கதவு மூடிக்கொண்டது.

பாதி வழியில், கீழே மரங்களின் உச்சி மட்டும் தெரிகிற இடத்தில், கூண்டு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

கூரையில் இருந்த ஸ்பீக்கரில் ஒரு குரல், காற்று அதிகமாக இருக்கிறது, அடங்கினதும் கிளம்பும், பயப்பட வேண்டாம் என்றது. நாங்களும் பயப்படவில்லை. என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்தார். அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கூண்டு தொட்டில் மாதிரி ஆடியது. காற்று அடங்குவதாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் தம்பி என் வீட்டுக்காரரிடம் சள்ளென்று விழுந்தான். முழங்கால் இடிக்கிறதாம். மாமா மாமா என்று அவர் பின்னாலேயே சுற்றுகிறவன். அவர் காலை ஒடுக்கிக்கொண்டார். அப்புறம் கதவில் எழுதியிருந்த எச்சரிக்கையை உரக்கப் படித்தான். படித்ததையே திரும்பவும் படித்தான். மூன்றாவது தடவை வார்த்தைகள் இடம் மாறின. அதற்கு அவனே சிரித்தான்.

அம்மா கண்ணைத் திறந்தாள். கையை நீட்டி அவன் கழுத்தைத் தொட்டாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"சாப்பிடாம இவ்வளவு நேரம் ஆச்சே," என்றாள். "உன்கிட்ட இருக்கிறதை வாயில போடுடா."

அவன் சட்டைப் பாக்கெட்டைத் தடவினான், பேன்ட் பாக்கெட்டைத் தடவினான். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, பை கீழே இருக்கிறது என்றான். ஏதோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு வந்தவன் மாதிரி சொன்னான். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தான். நானும் அம்மாவைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் பார்த்தார். மூன்று பேர் முகத்திலும் ஒரே கேள்விதான்.

"எடும்மா," என்றேன். "இப்ப யாரும் உன்னைத் திட்ட மாட்டோம்."

"நான் கொண்டு வரலை."

"விளையாடாதம்மா."

"அவன் தலையில கைவெச்சு சொன்னேனே," என்றாள் அம்மா. "ரூம்லேயே எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு வந்தேன்டி. நீ எடுத்துட்டு வருவேன்னு நினைச்சேன்."

எனக்கு அம்மாமேல் வந்த கோபத்தை எங்கே போய்ச் சொல்ல. ஆயுசு முழுக்கப் பொய் சொன்னவள், இன்றைக்குப் பார்த்தா யோக்கியம் வந்து தொலைக்க வேண்டும்? அவள் கைப்பையைப் பிடுங்கி மடியில் கவிழ்த்தேன். சீப்பு, கைக்குட்டை, கண்ணாடிக் கூடு, முழங்கால் வலிக்குத் தேய்க்கிற தைலம். மிட்டாய்க் காகிதம்கூட இல்லை.

பிறகு என் தொழிலைக் காட்டினேன். என் வீட்டுக்காரரை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாப் பாக்கெட்டிலும் கைவிட்டேன். சட்டை மடிப்பு, பேன்ட் ஓரத் தையல், உள் பாக்கெட், எதையும் விடவில்லை. அம்மாவின் துணியை உதறினேன். தம்பியின் பாக்கெட்டில் லாக்கர் சாவி இருந்தது. ஊர்ப்பட்ட பேர் பாக்கெட்டில் பழைய மிட்டாயை எடுத்துக் குப்பையில் போட்டவள் நான். அன்றைக்கு என் விரலுக்கு ஒரு துணுக்கு கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த அவசர பட்டனை அமுக்கிக் கத்தினார். மேலே சொல்லியிருக்கிறோம், காற்று நிற்காமல் இழுக்க முடியாது, கொஞ்சம் பொறுங்கள் என்றது குரல். பொறுக்கலாம். நான் பொறுப்பேன், நீ பொறுப்பாய், அவன் ரத்தத்தில் ஓடுகிற ஊசி பொறுக்குமா?

தம்பி இப்போது என் தோளில் சாய்ந்திருந்தான். கை நடுங்கியது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டான். என்னடா என்றால் மறுபடி அக்கா என்பான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அம்மா தன் வாயை மென்றுகொண்டிருந்தாள், வெறும் வாயை, அவனுக்காக.

அப்போதுதான் எதிரே ஒரு ஆள் இருப்பதே எனக்கு நினைவு வந்தது.

"ஐயா, உங்ககிட்ட சாப்பிட ஏதாவது இருக்கா? இனிப்பா எதுவா இருந்தாலும் சரி. இவனுக்கு சுகர் இறங்குது."

அவர் தம்பியைப் பார்த்தார். மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பெட்டியைப் பிடித்திருந்த கை இறுகியது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த எனக்கு, அந்தக் கை எதை ஒளிக்கிறது என்று தெரியாதா.

"அதுல என்ன இருக்கு?" என்றேன்.

அவர் பெட்டியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"அதுல என்னன்னு கேக்கறேன். காது இல்லையா உங்களுக்கு?"

"கேக்," என்றார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு. இன்னிக்கு. மேல."

நான் எழுந்து பெட்டியைப் பிடித்தேன். அவர் விடவில்லை. கூண்டு ஆட, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். இன்னொருத்தர் வீட்டுக் கல்யாணச் சாமான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவரைக் கீழே தள்ளிவிட்டாவது பிடுங்கியிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன்.

பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. நான் எழுந்ததும் சாய்மானம் இல்லாமல் தம்பி சீட்டிலிருந்து சரிந்துவிட்டான். கண் பாதி திறந்திருந்தது. அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கத்தவில்லை, தூக்கத்தில் இருக்கிறவனை எழுப்புகிற மாதிரிக் கூப்பிட்டாள். அவன் வாயோரம் இழுத்துக்கொண்டது.

பெட்டிக்காரர் என் கையை விலக்கிவிட்டு அவரே டேப்பைக் கிழித்தார்.

மூடியைத் திறந்ததும் வெள்ளை வெளேரென்று ஒரு கேக். மேலே, பக்கத்தில், சுற்றிலும் ரோஜாப் பூக்கள், எல்லாம் சர்க்கரைக் கிரீமில் செய்தது. ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு நொடி அவர் பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். எந்தப் பக்கம் எடுத்தால் வெளியே தெரியாது என்று பார்க்கிறார். எல்லாப் பக்கமும் பூ. அவருக்கே கை நின்றுவிட்டது. பிறகு முன்பக்கத்துப் பெரிய பூவை அப்படியே விரலால் வழித்து எடுத்து அம்மாவின் கையில் வைத்தார்.

"பூவை முதல்ல குடுங்க. அதுலதான் சர்க்கரை ஜாஸ்தி."

அம்மா அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கன்னத்தின் உள்பக்கம் தடவினாள். இந்த நிலையில் வாய்க்குள் திணிக்கக் கூடாது, புரையேறிவிடும். அவர் அடுத்த பூவை எடுத்தார், அதற்கடுத்த பூவை எடுத்தார். ஒருவர் வழிக்க, ஒருவர் வாங்க, ஒருவர் தடவ. தொண்டை அசைகிறதா என்று நான் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. அசையவே இல்லை. என் வாய்க்கு வந்த வேண்டுதலையெல்லாம் வேண்டினேன், கேட்கிற சாமி எது என்றுகூடப் பார்க்கவில்லை.

முன்பக்கத்துப் பூ முழுக்கத் தீர்ந்தபோது அவன் விழுங்கினான்.

அம்மா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே தடவினாள். கொஞ்ச நேரம் போய் அவன் அம்மாவின் விரலையே கடித்தான். என் வீட்டுக்காரர் அவனைத் தூக்கி உட்காரவைத்தார். பெட்டிக்காரர் கேக்கின் முனையைப் பிய்த்துக் கொடுத்தார், அவனே மென்றான். சட்டை முழுக்க வெண்ணெய்க் கறை. வெந்நீரில் போட்டால்தான் போகும் என்று எனக்கு அந்த நேரத்திலும் தோன்றியது, புத்தி அப்படி.

"இது யாரோட கேக்?" என்றான் தம்பி.

காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்காரர் யாரையும் பார்க்காமல் சொன்னார். அவர் கேக் போடுகிறவர். மகள் பிறந்த நாள் வருகிற சமயம்தான் ஆர்டர் குவிகிற சமயம். ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு ஒரு முழு கேக் செய்வார், ஒவ்வொரு வருஷமும் கடைசி நிமிஷத்தில் யாராவது வந்து நிற்பார்கள், அது அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். மற்ற கேக்குகளைச் சமமாக வெட்டும்போது மிஞ்சுகிற ஓரத்துண்டுகளை அடுக்கிக் கிரீம் தடவி மகளுக்குக் கொடுப்பார். கொஞ்சம் வளர்ந்ததும், எனக்கு ஓரம் வேண்டாம் என்று தட்டைத் தள்ளினாளாம். அதற்கப்புறம் அவர் கையால் எதையும் தின்றதில்லை. வீட்டைவிட்டும் போய்விட்டாள். கல்யாணத்துக்கு, வரணும்னா வாங்க என்று ஒரு வரி போனில் சொன்னாளாம்.

பெட்டியில் இருந்த கேக்கின் முன்பக்கம் எலி கடித்த மாதிரி இருந்தது.

நாங்க வந்து சொல்றோம் என்றாள் அம்மா. அவர் தலையாட்டி மறுத்தார்.

"வேண்டாம்மா. காரணம் சொல்ற மாதிரி ஆயிடும். ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் சொன்னேன். ஒண்ணுகூடப் பொய் இல்லை."

கூண்டு நகர்ந்தது.

மேலே போனதும் டாக்டர் ஒருவர் ஓடிவந்து தம்பியின் விரலைக் குத்திப் பார்த்தார். ஏறிக்கொண்டிருக்கிறது, உடனே ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்றார். திரும்பிப் பார்த்தால் பெட்டிக்காரர் இல்லை. தம்பியையும் காணோம். ஹோட்டல் கூடத்தின் வாசலை நோக்கி, கால் பின்ன, அந்த மனிதர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான். நாங்கள் ஓடினோம்.

கூடம் நிறைய ஜனம். கல்யாணப்பெண் நடுவில் நின்றிருந்தாள், அவளுக்கு அவர் மூக்கு. அவர் பெட்டியை அவள் முன் நீட்டி மூடியைத் திறந்தார். அவள் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"இந்தத் தடவை யாருக்கு?" என்றாள்.

அவர் பெட்டியை நீட்டியபடியே நின்றார்.

"எனக்கு," என்றான் தம்பி.

எல்லோரும் திரும்பினார்கள். தலை கலைந்து, மோவாயில் கிரீம் காய்ந்து, சட்டையெல்லாம் கறையோடு நின்றான். கல்லூரியில் உயிர் நண்பர்களிடம்கூடச் சொல்லாதவன். ஊசி போடக் கழிவறைக்குள் ஒளிந்தவன்.

"எனக்கு சுகர் இருக்கு. சின்ன வயசுலேர்ந்து. என் மாத்திரையைக் கீழேயே விட்டுட்டேன், நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டு விட்டுட்டேன். நடுவுல மயங்கிட்டேன். உங்கப்பா குடுக்கலைன்னா இங்க என் பொணம்தான் வந்திருக்கும்." அவன் பெட்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தான். "குடுக்கறதுக்கு அவரு ரொம்ப யோசிச்சாரு. அதையும் சொல்லணும். உங்களுக்காகத்தான் யோசிச்சாரு."

கல்யாணப்பெண் பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தாள். கத்தியை எடுத்து, பூ கலையாத பின்பக்கத்திலிருந்து பெரிய துண்டாக ஒன்று வெட்டி, தட்டில் வைத்துத் தம்பியிடம் கொடுத்தாள். உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நாங்கள் வழித்த பக்கத்தில், உடைந்து தொங்கின ஓரத்தை விரலால் கிள்ளி வாயில் போட்டாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சர்க்கரை ஜாஸ்தி," என்றாள்.

"ஆமாம்மா," என்றார். அவள் இன்னொரு கிள்ளு எடுத்தாள்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, அம்மா டீ மேஜைகளில் வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒளிக்கவில்லை, திருட்டு முழி முழிக்கவும் இல்லை. நான் தம்பியைப் பார்த்தேன். வெடிப்பான் என்று நினைத்தேன்.

அவன் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். கறை பிடித்த சட்டையின் பாக்கெட்டை விரலால் விரித்துக் காட்டினான்.

"இதுலயும் போடும்மா," என்றான். "அங்க போனதும் யார் போடுவா."

அம்மா போட்டாள். பாக்கெட் கொள்ளாமல் பாதி கீழே விழுந்தது. அவனே குனிந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டான்.